எச்சரிக்கை: இதில் உண்மை காட்டப்படுகிறது

அத்தையோடு உட்கார்ந்து எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. திரையில் எழுத்தாக எது வந்தாலும் உரக்கப் படித்துவிடுவார். பெயர் போடும்போது லைட்மேன் வரைக்கும் ஒரு ஆளை விடமாட்டார். அன்றைக்கு நெட்ஃபிளிக்ஸில் 'ஆப்பிள் சைடர் வினிகர்' தொடரைப் போட்டேன். மூலையில் வயது வரம்பும், பக்கத்திலேயே வழக்கமான எச்சரிக்கைச் சொற்களும் வந்து போயின. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்த அத்தை என் பக்கம் திரும்பினார்.

"கெட்ட வார்த்தை வரும்னு போட்டிருக்கான். புளுகு வரும்னு போடலையே?"

"கதையே புளுகைப் பத்தினதுதான் அத்தை."

"அதைத்தான்டா கேக்கறேன். புளுகுக்கு எச்சரிக்கை கிடையாதா?"

கிடையாது. சிகரெட்டுக்கு உண்டு, சாராயத்துக்கு உண்டு. கதாநாயகன் பீடி பற்றவைத்தால் திரையின் அடியில் உடனே எழுத்து முளைக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து இணையத் தொடர்களும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் புற்றுநோய்க்காரர் கையிலிருந்து கீமோ சீட்டைப் பிடுங்கிவிட்டு, பச்சைச் சாறு டம்ளரைத் திணித்தால் திரையின் அடியில் என்ன முளைக்கும்? லைக் முளைக்கும்.

அத்தை சும்மா கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, ரேடியேஷன் மூன்றையும் வரிசையாகப் பார்த்து வந்தவர். தலைமுடி கொட்டிய காலத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் பாதிப்பேர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள். மீதிப்பேர் வைத்தியம் கொண்டுவந்தார்கள்.

தொடரின் கதை ஆஸ்திரேலியாவில் நடந்த நிஜம். பெல் கிப்ஸன், 1991-ல் பிறந்த பெண். மூளையில் புற்றுநோய், நான்கு மாதம்தான் என்று கெடு கொடுத்துவிட்டார்கள், வழக்கமான சிகிச்சையை உதறிவிட்டு நல்ல சாப்பாட்டாலேயே உடம்பைத் தேற்றிக்கொண்டேன் என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார். 2013-ல் 'தி ஹோல் பேன்ட்ரி' என்றொரு ஆப் வந்தது, விலை 3.79 டாலர். 2014-ல் அதே பெயரில் சமையல் புத்தகம். அதே ஆண்டு ஜூலையில், புற்றுநோய் ரத்தம், மண்ணீரல், மூளை, கருப்பை, கல்லீரல் என்று பரவிவிட்டதாக அறிவித்தார். உடம்பில் இத்தனை இடம் பறிபோனவரின் கன்னம், படத்துக்குப் படம் தக்காளி மாதிரி பளபளத்தது. 2011-லேயே எடுத்த ஸ்கேனில் மூளையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தாகிவிட்டது. 2015 ஏப்ரலில் ஒரு பெண்கள் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், எதுவுமே உண்மையில்லை என்று தானே ஒப்புக்கொண்டார்.

இந்தப் புளுகை உடைத்த இரண்டு மெல்போர்ன் நிருபர்கள், போ டானலியும் நிக் டாஸ்கானோவும், 2017-ல் புத்தகமாக எழுதினார்கள். அதை வைத்து சமந்தா ஸ்ட்ராஸ் உருவாக்கிய ஆறு அத்தியாயத் தொடர் 2025 பிப்ரவரியில் வந்தது. கிப்ஸனாக கெய்ட்லின் டெவர் நடித்தார். கிப்ஸனுக்கு இதில் காலணாக்கூடக் கொடுக்கவில்லை என்று பாத்திரங்களே நம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பொய்யை வெளிச்சம் போட்டுக் காட்டுகிற தொடருக்கு வயது வரம்பு, எச்சரிக்கை, பொறுப்புத் துறப்பு எல்லாம் உண்டு. பொய்யையே விற்ற ஆப்புக்கு ஆப்பிள் நிறுவனத்தின் பாராட்டு உண்டு. எச்சரிக்கை எழுதுகிற இடத்தில் ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது. சம்பளம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். தலைப்புகள் அவர்களுடையவை, உள்ளே இருக்கிற சரக்கு மட்டும் என்னுடையது.

கெட்ட வார்த்தை

இந்தத் தொடரில் காது கூசும் சொற்கள் வருகின்றன. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் வருகிற அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதைக் கேட்டு இதுவரை யாரும் செத்ததில்லை. பீப் போட்டு மறைக்க வேண்டியவை வேறு: 'டீடாக்ஸ்', 'இயற்கை', 'என் பயணம்', 'உங்க உடம்பு சொல்றதைக் கேளுங்க'.

டீடாக்ஸ் என்பது, உங்கள் கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த நாள் தொட்டு விடுமுறை எடுக்காமல் செய்து வருகிற வேலைக்கு வேறொருவர் பில் போடுவது. இயற்கை என்றால் நல்லது என்று யார் சொன்னது? கட்டுவிரியன் இயற்கைதான். புற்றுநோயும் இயற்கைதான், அதை எந்தத் தொழிற்சாலையும் தயாரித்து அனுப்பவில்லை. உடம்பு சொல்வதைக் கேட்கலாம் என்றால், கட்டி ஆரம்பத்தில் எதையும் சொல்லாது. சொல்லாமல் வளர்வதுதான் அதன் தொழில் ரகசியம். அது வாய் திறக்கும் முன்பே கண்டுபிடிக்கத்தானே மேமோகிராம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்?

எல்லாவற்றிலும் மோசமான வார்த்தை ஒன்று பாக்கி இருக்கிறது: 'கீமோ விஷம்'. ஆமாம், விஷம்தான். அதை மறைத்தது யார்? முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும், வெள்ளணுக்கள் குறையும், காய்ச்சல் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பி வாருங்கள் என்று மருத்துவர் சொல்லி, எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் ஊசியையே கையில் எடுக்கிறார். அத்தையின் ஃபைலில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது, ஒரு முழ நீளத்துக்கு. பச்சைச் சாறு விற்கிறவரிடம் அப்படி ஒரு தாள் கிடையாது. தாள் இல்லாததையே அவர் தூய்மை என்று காட்டி விற்கிறார். உண்மையான மருந்து தன் குற்றத்தைத் தானே நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதால் ஜனங்களுக்குப் பயமாக இருக்கிறது. பொய் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பூ வைத்துக்கொண்டு வருகிறது. இந்தக் கொள்ளைக்கூட்டத்தின் மூலதனமே இதுதான்: எச்சரிப்பவன் வில்லன், எச்சரிக்காதவன் தேவதூதன்.

நிர்வாணம்

இந்தக் கதையில் அம்மணமாக நிற்பவர்கள் எல்லாரும் கோட்டு சூட்டு போட்டவர்கள்.

முதல் ஆள், பெங்குவின் பதிப்பகத்தின் ஆஸ்திரேலியக் கிளை. 2014-ல் புத்தகம் வெளிவரும் முன் கிப்ஸனைக் கேமரா முன்னால் உட்காரவைத்து, நிருபர்கள் குடைந்தால் எப்படிச் சமாளிப்பது என்று பழக்கினார்கள். கதையில் எங்கெங்கே ஓட்டை என்று பதிப்பகத்தாருக்கே தெரிந்திருந்தது, அதனால்தானே அந்தக் கேள்விகள் வந்தன? ஒத்திகை பார்த்தார்கள், ரிப்போர்ட் பார்க்கவில்லை. புற்றுநோய் என்பதற்கு ஆதாரம் எதையும் அவர்கள் கேட்கவே இல்லை என்று விக்டோரியா மாநில நுகர்வோர் துறை பின்னால் சொன்னது.

நம் ஊரில் பென்ஷன் வாங்குகிற கிழவி, தான் உயிரோடுதான் இருக்கிறாள் என்பதற்கு வருஷா வருஷம் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆளே எதிரில் நின்றாலும் செல்லாது, தாள்தான் செல்லும். சாகப்போகிறேன் என்று சொல்லிப் புத்தகம் விற்க வந்தவரிடம் ஒரே ஒரு ஸ்கேன் தாளைக் கேட்க, உலகம் முழுக்கக் கடை வைத்திருக்கும் பதிப்பகத்துக்கு வாய் வரவில்லை.

2016-ல் பெங்குவின் நுகர்வோர் நிதிக்கு 30,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இனிமேல் இயற்கை வைத்தியம் பற்றிய புத்தகங்களில் கண்ணில் படும்படி எச்சரிக்கை அச்சிடவும் ஒப்புக்கொண்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது வாசகரின் கண், நமஸ்காரம் செய்தது பதிப்பகம்.

அடுத்த ஆள் ஆப்பிள். அந்த ஆப்பைப் பாராட்டியது போதாது என்று, அப்போது வரவிருந்த ஆப்பிள் வாட்ச்சின் விளம்பரத்திலும் அதைச் சேர்த்தது. செய்தி வெடித்ததும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. கையில் கட்டினால் இதயத்துடிப்பை எண்ணிச் சொல்கிற கடிகாரம் அது. அதைச் செய்த கம்பெனிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பளபளப்பான பெண்கள் பத்திரிகை ஒன்று அதே 2014-ல் விருதும் கொடுத்தது, அச்சமற்ற பெண்மணி என்று. அச்சமற்றவர்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

வன்முறை

ரத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஆயுதம் ஒரு ஜூஸ் பிழியும் இயந்திரம்.

தொடரில் மில்லா என்றொரு பெண் வருகிறாள். அவளுக்கு மூலம் ஜெசிக்கா ஐன்ஸ்கோ. ஒரு பத்திரிகையின் இணையப் பிரிவில் வேலை பார்த்த அவருக்கு 2008-ல், 22 வயதில், கையில் அபூர்வமான ஒரு புற்றுநோய். நோய் திரும்பி வந்தபோது கையை எடுத்துவிடச் சொன்னார்கள். இருபத்து மூன்று வயசுப் பெண்ணிடம் கையை எடு என்றால் அவள் வேறு வழி தேடாமல் என்ன செய்வாள்? தேடினார். கெர்சன் வைத்தியம் கிடைத்தது. மணிக்கு ஒரு டம்ளர் காய்கறிச் சாறு, ஒரு நாளைக்குப் பல தடவை காபி எனிமா.

காபி எனிமா என்றால் என்ன என்று அத்தை கேட்டார். சொன்னேன். தஞ்சாவூர்க்காரர். காபிக்கு இப்படி ஒரு அவமானமா என்று கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ஐன்ஸ்கோ கிப்ஸனைப் போலப் பொய்க்காரர் அல்லர். அவர் நோய் நிஜம். நம்பிக்கையும் நிஜம், அதுதான் கொடுமை. ஆயிரக்கணக்கானவர்கள் அவரைப் பார்த்துத் தைரியம் கொண்டார்கள். அவருடைய தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது அவரும் மகள் போன வழியிலேயே போனார், 2013-ல் இறந்தார். 2015 பிப்ரவரியில் மகளும் போனார், வயது 29. கையை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த நோய் அவ்வளவு பொல்லாதது. ஆனால் அந்தத் தாயின் நோய்க்கு என்ன வாய்ப்பு இருந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை, முறையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று வழியில் போனவர்கள் இறக்கும் அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஐந்து மடங்கு! ஒரு படத்தில் ஹீரோ ஐந்து பேரை வெட்டினால் சென்சார் கத்திரியைத் தூக்குகிறது. இந்த வெட்டுக்குக் கத்திரி எங்கே? வெட்டுப்பட்டவள் வெட்டியவனுக்கு நன்றி சொல்லி, இதயக்குறி போட்டுவிட்டு, நண்பர்களுக்கும் ஃபார்வர்டு செய்துவிட்டல்லவா சாகிறாள்?

போதை

எச்சரிக்கை: இந்தத் தொடரில் வருகிற எல்லாரும் போதையில் இருக்கிறார்கள்.

கிப்ஸனின் மகனுடைய பிறந்தநாள் விருந்தில், கேக்கும் பலூனுமாகக் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் வலிப்பு வந்து தரையில் விழுந்தார், அது வெகுநேரம் நீடித்தது என்று நண்பர்கள் பின்னால் சொன்னார்கள். அந்த அறையை ஒரு நிமிஷம் கண்முன் கொண்டுவாருங்கள். தோழிகள் மண்டியிட்டு அவர் தலையைப் பிடித்திருக்கிறார்கள். நாலு வயசுப் பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கு நாயகன் அவன்தான், ஆனால் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கப்படுவதுதான் அம்மாவின் சரக்கு. பெற்ற பிள்ளையோடும் அதைப் பங்கு போட முடியவில்லை.

அந்தத் தோழிகளில் ஒருத்திக்கு அங்கேதான் உறைத்தது. நேருக்கு நேர் கேட்டாள், டாக்டர் பெயரைச் சொல் என்றாள். பதில் இல்லை. கடைசியில் விஷயம் நிருபர்கள் காதுக்குப் போனது. விருது கொடுத்த பத்திரிகைக்கும், புத்தகம் போட்ட பதிப்பகத்துக்கும், மேடை போட்ட கம்பெனிக்கும் தோன்றாத கேள்வி, பிறந்தநாள் கேக் சாப்பிட வந்த ஒரு பெண்ணுக்குத் தோன்றியது.

பொய் உடைந்த பிறகாவது போதை தெளிந்ததா? 2015 ஜூனில் ஒரு டிவி சேனல் கிப்ஸனுக்கு 75,000 டாலர் கொடுத்துப் பேட்டி எடுத்தது. பொய் சொன்னதில் ஒரு வருமானம், பொய் சொன்னேன் என்று சொல்வதில் இன்னொரு வருமானம். அந்தப் பேட்டியில் வயதைக் கேட்டபோதுகூட நேராக ஒரு எண் வரவில்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது நம் பழமொழி. அது 'பேர்' இல்லை, 'வேர்', ஆயிரம் மூலிகை வேரைக் கண்டவன் என்றுதான் பொருள் என்று இப்போது வாட்ஸப்பில் திருத்தம் ஓடுகிறது. சரி, திருத்திக்கொள்வோம். பேரோ வேரோ, பழைய அரை வைத்தியனுக்கு ஆயிரத்தை எண்ணி முடிக்க ஆயுள் முழுக்கத் தேவைப்பட்டது. இன்ஃப்ளூயன்சருக்கு ஒரு ரீல் போதும்.

பயமுறுத்தும் காட்சி

இருட்டறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். இது நீதிமன்றக் காட்சி.

ஆப்பிலும் புத்தகத்திலுமாகக் கிப்ஸன் சம்பாதித்தது சுமார் 4,20,000 ஆஸ்திரேலிய டாலர். தர்மத்துக்குக் கொடுத்ததாக அவர் சொல்லிக்கொண்டது 3,00,000. உண்மையில் கொடுத்தது ஏறக்குறைய 10,000. 2017-ல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி டெப்ரா மார்ட்டிமர் அவர் ஜனங்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்து, 4,10,000 டாலர் அபராதம் விதித்தார். அதில் பெரிய துண்டு, 1,50,000 டாலர், மூளையில் நிஜமாகவே கட்டி இருந்த ஒரு சிறுவனின் பெயரால் செய்த மோசடிக்கு. ஒரு வார விற்பனைப் பணம் முழுவதையும் அவன் குடும்பத்துக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தரவில்லை. தனக்கு இருப்பதாகச் சொன்ன அதே நோய் அவனுக்கு உண்மையாகவே இருந்தது.

இனிதான் பயங்கரம். அபராதம் ஐந்து துண்டாக விழுந்தது. ஐந்தும் தருவதாகச் சொல்லித் தராத நன்கொடைப் பணத்துக்கு. புற்றுநோய்க் கதை ஏமாற்று என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கதையை நம்பி மருத்துவமனையிலிருந்து கிளம்பிப் போனவர்கள் கணக்கில் அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. காசுக்கு ரசீது இருக்கிறது, அதனால் சட்டம் எண்ணியது. கைவிட்ட கீமோவுக்கு ரசீது கிடையாது.

அந்த அபராதமாவது வந்ததா? 2020-ல் அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து பொருளைத் தேடினார்கள், 2021-ல் மறுபடியும் போனார்கள். தொடர் வெளியான பிறகும், விடாமல் துரத்துவோம் என்று மாநில அரசு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சிறை? ஒரு நாள்கூட இல்லை. நம் ஊர்ப் பேருந்தில் டிக்கெட் வாங்காமல் பிடிபட்டவர்கூட இதைவிட அதிகமாக நடுங்கியிருப்பார்.

மருத்துவப் பொருள்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு 'நான் குணமானேன்' என்று இன்ஃப்ளூயன்சர்கள் சாட்சி சொல்லக்கூடாது என்ற விளம்பர விதி ஆஸ்திரேலியாவில் முழுசாக நடைமுறைக்கு வந்தது 2022-ல். கிப்ஸன் ஒப்புக்கொண்டு ஏழு வருடம் கழித்து.

விலங்குகள்

இந்தத் தொடரின் நிகழ்வுகளில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை.

நம் படங்களில் ஒரு காக்கை பறந்தால்கூட விலங்குகள் நல வாரியத்தின் அனுமதிச் சான்று வேண்டும். மாட்டுக்கு வலிக்குமே என்று கணினியில் மாடு செய்கிறார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அடுத்த ஜென்மத்தில் புற்றுநோய் வந்தால் அது நான் மாடாகப் பிறந்திருக்கும்போது வரட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். கேட்க ஒரு வாரியமாவது இருக்கும்.

தயாரிப்பாளர் குறிப்பு

போலி வெல்னஸைத் தோலுரித்துக் காட்டிய இதே நெட்ஃபிளிக்ஸ், 2020 ஜனவரியில் 'தி கூப் லேப்' என்ற தொடரையும் வெளியிட்டது. நடிகை க்வினெத் பேல்ட்ரோவின் வெல்னஸ் கம்பெனிக்கு ஆறு அத்தியாய விளம்பரம். அந்தக் கம்பெனி, பெண்கள் உடம்புக்குள் வைத்துக்கொள்ளப் பச்சைக்கல் முட்டை விற்று, ஆதாரமில்லாத பலன்களைச் சொன்னதற்காக 2018-ல் 1,45,000 அமெரிக்க டாலர் கட்டி வழக்கை முடித்தது. 2019-ல், பல்லில் ரூட் கேனால் செய்தால் புற்றுநோய் வரும் என்று கதைவிட்ட ஒரு ஆவணப்படத்தை, பல் மருத்துவர்கள் கூச்சல் போட்ட பிறகு, நெட்ஃபிளிக்ஸ் தன் தளத்திலிருந்து தூக்கியது.

கூப் தொடரில் எச்சரிக்கை இல்லையா என்று கேட்டால், இருந்தது. இது பொழுதுபோக்குக்கும் தகவலுக்கும்தான், மருத்துவ ஆலோசனை அல்ல என்று ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அரைமணி நேரம் மருத்துவ ஆலோசனையே கொடுத்தார்கள். எச்சரிக்கை யாருக்காக எழுதப்படுகிறது என்பது இங்கே வெட்டவெளிச்சம். பார்ப்பவன் விழுந்துவிடாமல் தடுக்க அல்ல, விழுந்தவன் வழக்குப் போட்டால் வக்கீல் எடுத்துக் காட்டுவதற்கு. இடது அலமாரியில் விஷம், வலது அலமாரியில் முறிவு, வாசலில் ஒரே உண்டியல். மாதச் சந்தா.

இது வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்து ரிமோட்டைத் தேடாதீர்கள். தொடரின் தலைப்பில் இருக்கிற பாட்டில் இங்கேயும் வந்துவிட்டது. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவி நான்காம் கட்டப் புற்றுநோயிலிருந்து மீண்டதற்கு எலுமிச்சைத் தண்ணீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, ஆப்பிள் சைடர் வினிகர் என்று ஒரு பட்டியலைச் சொன்னார். அந்த அம்மாளுக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. வீடியோ ஊரெல்லாம் ஓட, மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்துப் போட்டு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. உணவுமுறையையும் மருத்துவர்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்று சித்து பிறகு விளக்கினார். விளக்கத்தை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்? ஒரு எலுமிச்சம்பழத்துக்கு 262 டாக்டர்கள், அப்படியும் எலுமிச்சைதான் ஜெயித்தது.

புற்றுநோய், நீரிழிவு உட்பட 54 நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று நம் நாட்டில் 1954-லேயே சட்டம் இருக்கிறது. மாய மருந்து என்ற சொல்லே அதன் பெயரில் உண்டு. சட்டம் வந்தபோது கைபேசி இல்லை. கைபேசி வந்தபோது சட்டத்தைக் கையில் எடுப்பார் இல்லை.

ஆறாவது அத்தியாயம் முடிந்தது. பெயர்கள் ஓட, அத்தை லைட்மேன் வரைக்கும் படித்தார். பிறகு எழுந்துபோய் அடுத்த வாரச் செக்கப்புக்கான ஃபைலை எடுத்துப் பையில் வைத்தார். தண்ணீர் குடிக்க நான் அடுப்படிக்குப் போனேன். சிங்க் ஓரத்தில் அந்தப் பாட்டில் நின்றது. கீமோ சமயத்திலேயே எதிர்வீட்டம்மாள் தினம் ரெண்டு ஸ்பூன் என்று வாங்கித் தந்தது. அவர் கெட்டவர் அல்லர், அழுதுகொண்டே கொடுத்தார். காலியாக ஆக இன்றுவரை புதிசு வாங்கித் தருகிறார். 'தாயுடன்' என்று அதன் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. அடியில் மிதக்கிற கலங்கலுக்கு அப்படிப் பெயராம். பெயர் வைத்தவனுக்குத் தெரியும், தாய் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று. இந்த வினிகர் உடம்பு இளைக்க உதவும் என்று 2024-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வை, புள்ளிவிவரம் நம்பும்படி இல்லை என்று 2025 செப்டம்பரில் அவர்களே திரும்பப் பெற்றார்கள். அந்தச் செய்தியைப் பாட்டிலில் யாரும் ஒட்டவில்லை.

"அத்தை, இதைக் குடிக்கறீங்களா?"

"குடிக்கறதா? குழாயில உப்புக்கறை படியுதுல்ல, அதுக்கு ஊத்துவேன். ஜம்முனு போகுது. பாவம், அவ ஆசையாக் கொடுக்கறா, வேணாம்னு சொல்ல மனசு வரலை."

பாட்டிலைத் திருப்பினேன். பின்பக்கம், ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரி ஒரு துண்டு. அதில் பால்பாயிண்ட் பேனாவால் அத்தை கையெழுத்து, பெரிய பெரிய எழுத்தில், வீட்டில் யார் வந்து எடுத்தாலும் தெரியும்படி:

'சிங்க் கழுவ மட்டும்.'